ஈரோடு – காங்கயம் சாலையில் 9ஆம் வகுப்புக்கு ஒரு நாள் பயணம்: எங்கெங்கே நிறுத்தலாம்?

மஞ்சக்காடு (கேள்வி)

வணக்கமுங்க. ஈரோட்டில் சமூக அறிவியல் எடுக்கிறேன். 9ஆம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரை ஒரு நாள் பேருந்தில் கூட்டிப் போய், நிலம், நீர், பழைய வரலாறு மூன்றையும் நேரில் காட்ட அனுமதி கிடைத்திருக்கிறது. தூரத்துச் சுற்றுலா வேண்டாம், நம் ஊர்ச் சாலையையே பாடமாக்கலாம் என்று ஈரோடு, அவல்பூந்துறை, அறச்சலூர், நத்தக்காடையூர், காங்கயம் வழியைத் தேர்ந்திருக்கிறேன்.

புறப்படும் இடத்தில் வாழை, மஞ்சள், நெல். 50 கி.மீ.கூட வராது, காங்கயம் பக்கம் போனால் கிளுவை வேலி, புல், வெள்வேல மரம், செம்மறி. பாடப்புத்தகம் "மழை மறைவுப் பகுதி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. இரண்டு ஊருமே அந்த மறைவுக்குள்தானே இருக்கின்றன? அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? எந்த மாதம் போனால் இது கண்ணுக்குத் தெரியும், எங்கே இறங்கலாம், பிள்ளைகள் கையால் என்ன செய்யலாம்? நின்று கேட்டுவிட்டு வரும் பயணமாக இருக்கக் கூடாது என்பதுதான் என் ஆசை.

குடகாற்று

முதலில் காற்றைப் புரிய வைத்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு எளிது.

மேற்கே வடக்கில் நீலகிரி, தெற்கில் ஆனைமலை. தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர். இரண்டுக்கும் நடுவில் சுமார் 30 முதல் 40 கி.மீ. அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவமழை மலையில் மோதும் இடத்தில் கொட்டித் தீர்க்கிறது. வால்பாறைப் பக்கம் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல். கணவாய் வழியாக நுழையும் காற்றுக்கு மோதிக்கொள்ள எதுவும் இல்லாததால் அது வேகமாக ஓடிவருகிறது. கோவை, பொள்ளாச்சி வரை கொஞ்சம் சாரல். பல்லடம் தாண்டினால் மழை இல்லாமல் காற்று மட்டும். ஆனி, ஆடியில் அது மழை தராததோடு மண்ணில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான்.

வடகிழக்குப் பருவம்தான் நமக்கு முக்கிய மழை. ஆனால் வங்கக் கடலிலிருந்து வரும் மேகம் கடலோர மாவட்டங்களில் பெருமளவு பெய்துவிட்டு மிச்சத்தோடு ஐப்பசி, கார்த்திகையில் இங்கே வந்து சேருகிறது. இரண்டு பருவமும் பாதி தீர்ந்த பிறகே கொங்குக்குள் வருகின்றன. மாநிலச் சராசரி 900 மி.மீ.க்கு மேல் இருக்க, ஈரோட்டுப் பக்கம் 700ஐ ஒட்டியும் காங்கயம், தாராபுரம் பக்கம் 600ஐ ஒட்டியும் நிற்பது அதனால்தான். உங்கள் கேள்விக்கு விடை இந்த மழைக் குறைவுதான் என்று நினைக்கிறேன்.

கொப்புவாய்க்கால்

காற்றைப் பற்றிச் சொன்னது சரிங்க. ஆனா கடைசி வரியை ஒத்துக்க முடியலைங்க. 700க்கும் 600க்கும் நடுவுல இருக்கற 100 மி.மீ. வாழையையும் கொழுக்கட்டைப் புல்லையும் பிரிச்சு வைக்காது. நெல்லு ஒரு போகத்துக்கு 1,200 மி.மீ. அளவுக்குத் தண்ணி கேக்கும். ஈரோட்டு மழையை மட்டும் நம்புனா ஈரோட்டுலயும் நெல்லு இல்லீங்க. வித்தியாசம் வாய்க்கால்ல இருக்குது. எந்த மட்டத்துல வாய்க்கால் ஓடுதோ அதுக்குக் கீழ வயல், மேல மேட்டாங்காடு, அதாவது வாய்க்கால் தண்ணி ஏறாத மேட்டு நிலம். பிள்ளைங்களுக்கு இதைத்தான் காட்டோணும்.

இரண்டு வாய்க்கால் பாருங்க. முதல்ல காலிங்கராயன். பவானியாறு காவேரியில சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி அணைக்கட்டு, அங்கிருந்து கொடுமுடிப் பக்கம் நொய்யல் வரைக்கும் 90 கி.மீ. 1283ல வேலை முடிஞ்சதா வழிவழியா சொல்றாங்க. 15,700 ஏக்கருக்கு மேல பாயுது. பவானியிலிருந்து கொடுமுடிக்கு நேர்கோடு போட்டா 50 கி.மீ.கூட வராது. அப்ப ஏன் 90? வாய்க்கால் மேட்டுல ஏறவும் கூடாது, பள்ளத்துல விழவும் கூடாது. நிலத்தோட மட்டத்தை ஒட்டியே மெல்லமா இறங்கிக்கிட்டுப் போகோணும். மேடு குறுக்க வந்தா ஒதுங்கி வளையும், பள்ளம் வந்தா உள்ள போயி வரும். வளைவு கூடக் கூட பாயற நிலமும் கூடும். பாம்பு போன தடத்துல வெட்டுனாங்கன்னு ஒரு கதை இருக்குது, அதையும் சொல்லுங்க, அந்த வளைவுக்கு அது பொருத்தமான கதை.

ஈரோட்டுக்குள்ளயே கருங்கல்பாளையம் பக்கம் காலிங்கராயனைப் பாக்கலாம். சாயக்கழிவு, தோல்கழிவு கலக்காம இருக்க அதை ஒட்டியே "பேபி வாய்க்கால்"னு ஒரு கழிவு வாய்க்கால் கட்டியிருக்காங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல காட்டுங்க.

ரெண்டாவது கீழ்பவானி. பவானிசாகர் அணை 1948ல தொடங்கி 1955ல முடிஞ்சது. நீர்மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. அதுல இருந்து கிளம்பற வாய்க்கால் 200 கி.மீ., ஈரோடு, திருப்பூர், கரூர் மூணு மாவட்டத்துலயும் சேத்து 2,07,000 ஏக்கர். ஆனா ஒரே சமயத்துல அத்தனைக்கும் தண்ணி கிடையாது. மதகுகளை ஒத்தப்படை, இரட்டைப்படைன்னு பிரிச்சு, ஒரு பாதி 1,03,500 ஏக்கருக்கு ஆகஸ்ட் 15லிருந்து டிசம்பர் 15 வரை நெல்லுக்கு, மறுபாதிக்கு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடலை, எள்ளு மாதிரி புஞ்சைப் பயிருக்கு. அடுத்த வருசம் மாத்திக்குவாங்க. அணையில தண்ணி குறைஞ்சா தேதி தள்ளிப் போகும்.

அறச்சலூர் வட்டாரத்துல இந்த வாய்க்கால் கரையில நின்னு ரெண்டு பக்கமும் பாக்கச் சொல்லுங்க. கீழ்ப்பக்கம் பாசனம், மேல்பக்கம் பாசன உரிமை இல்லாத நிலம். மேல்பக்கத்துலயும் தென்னை தெரியும், அது கிணத்துத் தண்ணி. மண் கரைங்கறதால வாய்க்கால்ல இருந்து கசியற தண்ணி கீழ்ப்பக்கத்துக் கிணறுகளுக்கு ஊறுது. காங்கிரீட் கரை போடலாமா வேண்டாமாங்கற சண்டையோட வேரே இதுதான். கரை போட்டா கடைமடைக்குத் தண்ணி சீக்கிரம் போகும்ங்கறது ஒரு கட்சி, கசிவு நின்னா கிணறு வத்தீரும்ங்கறது இன்னொரு கட்சி. பிள்ளைங்களை ரெண்டா பிரிச்சு அந்த இடத்துலயே வாதாடச் சொல்லலாம்.

ஒண்ணு மட்டும் தப்பாச் சொல்லீராதீங்க. காங்கயத்துக்கு வாய்க்காலே இல்லைன்னு இல்லை. பி.ஏ.பி.ங்கற பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்தோட வெள்ளகோவில் கிளை அங்க வருது. ஆனா பி.ஏ.பி. ஆயக்கட்டே 4 மண்டலம், ஒரு மண்டலத்துக்கு முறை வர ரெண்டு வருசம், அதுலயும் இது கடைமடை. முறைத் தண்ணியை நம்பி வருசா வருசம் நெல்லு போட முடியாது.

படல்

கொப்புவாய்க்கால் அண்ணா சொன்னதுக்குத் தொடர்ச்சியா, தண்ணி வராத நிலத்துல சனம் என்ன பண்ணுச்சுங்கறதைச் சொல்றேன். டீச்சர், நத்தக்காடையூர் தாண்டுனதும் கொறங்காடு ஒண்ணுக்குள்ள பிள்ளைங்களை இறக்கிவிடுங்க. பாக்கறதுக்கு முள்ளும் புல்லும்தான். ஆனா அது தானா வளந்த பொட்டல் இல்லீங்க, உழுது விதைச்சு வேலி போட்டு உண்டாக்குன மேய்ச்சல் நிலம்.

நாலு பொருள் இருந்தாத்தான் கொறங்காடு. வேலிக்குக் கிளுவை, புல்லுக்குக் கொழுக்கட்டை, மரத்துக்கு வெள்வேல், உள்ள மேய மாடும் செம்மறியும். ஒரு கொறங்காடு பெரும்பாலும் நாலு ஏக்கர் அளவுல இருக்கும். பெரிய நிலத்தை இப்படித் துண்டு துண்டா அடைச்சு, ஒண்ணுல மேயும்போது இன்னொண்ணைத் தழைய விடுவாங்க. மண்ணு செம்மண் சரளை, அடியில சுண்ணாம்பு கலந்த சுக்கான் கல்லு. ஆழமா வேர் விடற பயிருக்கு அது ஆகாது.

புல்லு உண்டாக்கறது எப்படின்னா, புரட்டாசி, ஐப்பசி மழைக்கு உழுது ஏக்கருக்கு மூணு கிலோ விதை. கொழுக்கட்டை விதை பஞ்சு மாதிரி, காத்துல பறக்கும். அதனால ஈர மணல்ல கலந்து தூவோணும். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழ போனா முளைக்காது. புதுசா உருவுன விதையும் சரியா முளைக்காது, ஆறேழு மாசம் வெச்சிருந்த விதைதான் வேணும். முதல் வருசம் புல்லு பூட்டை (கதிர்) தள்ளி விதை உதிர்ற வரைக்கும் ஆடு மாட்டை விடக்கூடாது. அவசரப்பட்டு விட்டா செம்மறி வேரோட கடிச்சுப் பிடுங்கீரும், அடுத்த மழைக்கு அங்க பார்த்தீனியமும் சீமைக்கருவேலும்தான் வரும்.

வெள்வேல் யாரும் நட்டு வெக்கறதில்லை. சித்திரை, வைகாசியில காய் உதிரும், புல்லு காஞ்ச நேரத்துல அதுதான் தீவனம். ஆடு தின்னு புழுக்கையில போடற விதை முளைக்கும், வேண்டாத கன்னை வெட்டிட்டு வேண்டியதை விடுவாங்க. நிழல் மெல்லிசா விழறதால அடியிலயும் புல்லு வரும்.

கிளுவைக்குப் போத்து, அதாவது வெட்டுன கிளை, நடுவாங்க. வேலியில ஆடு நுழையற அளவு சந்து விட்டுப் போச்சுன்னா அந்தக் கொறங்காடே வீண், எப்ப மேயோணும்ங்கறதை ஆடு முடிவு பண்ண ஆரம்பிச்சிரும். இப்ப பல இடத்துல கிளுவையை எடுத்துட்டுக் கம்பி வேலி போடறாங்க. ஓணானுக்கும் கௌதாரிக்கும் இருந்த இடம் போச்சுங்க, அது எனக்குப் பொறுக்கறதில்லை.

பிள்ளைங்களுக்கு வேலை: நாலு மீட்டர் கயிறை முடிச்சுப் போட்டு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமா விரிச்சு, உள்ள எத்தனை வகைச் செடின்னு எண்ணச் சொல்லுங்க. வெள்வேல் நிழல்ல ஒண்ணு, வெட்டவெளியில ஒண்ணு, வேலியோரம் ஒண்ணு. மூணும் ஒண்ணு போல வராது. சுக்கான் கல்லு மேல எலுமிச்சஞ்சாறு ரெண்டு சொட்டு விட்டா நுரைக்கும், கையால மண்ணை அறிஞ்சுக்குவாங்க.

காங்கயம் மாட்டையும் காட்டோணும். கன்னு பிறக்கையில செவலையா இருக்கும், ஆறு மாசம் போல ஆனதும் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளைக்குத் திமில் கறுக்கும். தாயும் கன்னும் வேற வேற சாதின்னு பிள்ளைங்க நினைச்சுக்கும், முன்னாடியே சொல்லி வையுங்க. இந்த மாடு வண்டிக்கும், எருது பூட்டிக் கிணத்துத் தண்ணி இறைக்கற கவலைக்கும்தான் பேர் போனது. பழைய கிணத்து மேட்டுல கல்தூணு ரெண்டு நின்னுக்கிட்டு, பக்கத்துல சரிவா ஒரு பள்ளம் இறங்குச்சுன்னா அது கவலை ஓட்டுன வாரி. எருது பின்னால நடந்தா சால்ங்கற தண்ணி மொள்ளற பாத்திரம் கிணத்துக்குள்ள இறங்கும், சரிவுல முன்னால இறங்குனா வடம் இழுத்து சால் மேல வரும், சாலோட அடியில இருக்கற தும்பிங்கற தோல் குழாய் வழியாத் தண்ணி தொட்டியில கொட்டும். பைக்காரா மின்சாரம் 1932ல வந்த பிறகு மெல்ல மெல்ல மோட்டார் ஏறுச்சு, கவலை நின்னுச்சு. நிலத்துக்காரரைக் கேட்டு நிக்கற தூணு ஒண்ணைக் காட்டுங்க.

உள்ள போனதும் படலை, அதாவது வேலிக் கதவைச் சாத்தச் சொல்லுங்க. 42 பேருல ஒருத்தர் மறந்தாலும் பட்டி வெளிய போயிரும்.

நடுகல்

வரலாற்றுக்கு அறச்சலூரை விட்டுவிடாதீர்கள். அங்கே நாகமலைக் குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 2 முதல் 4ஆம் நூற்றாண்டுக்குள் என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். த, தை, தா போன்ற அசைகள் வரிக்கு ஐந்தாக ஐந்து வரி, சதுரமாக வெட்டப்பட்டிருக்கின்றன. இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒரே அடுக்கு. ஆடலுக்கோ தாளத்துக்கோ உரிய குறிப்பு என்று கருதுகிறார்கள். அருகில் அதை அமைத்தவர் பெயர்: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் நாணயமும் மணியும் தரம் பார்ப்பவர்.

மணி பார்ப்பவர் இந்த வறண்ட மண்ணில் என்ன செய்தார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். விடை மேற்கே நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில். சென்னிமலைக்கு மேற்கே உள்ள ஊர். பதிற்றுப்பத்து "கொடுமணம்" என்று சொல்வது இதைத்தான் என்பது ஆய்வாளர் கருத்து. 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் மணி செய்யும் பட்டறைகள், இரும்பு உருக்கிய உலைகள், பெயர் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பச்சைக்கல் படியூரிலிருந்து, நீலக்கல் சிவன்மலைப் பக்கத்திலிருந்து வந்தது. இரண்டுமே காங்கயத்துக்கு அருகில் உள்ள ஊர்கள். மேலைக் கடற்கரை முசிறியிலிருந்து குடகாற்று சொன்ன அதே கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பாதையில் கொடுமணல் இருந்தது. உழவுக்கு ஏற்காத சரளை நிலத்தின் அடியில் கிடைத்த கல்லை வைத்து ஒரு தொழில் ஊரே எழுந்திருக்கிறது. வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் கிடைத்ததும் இந்த வணிகத்தின் தடம்தான்.

இரண்டு எச்சரிக்கை. நாகமலை எழுத்து மெல்லிய கீறல், நடுப்பகல் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. காலைச் சாய்வெயிலில் போங்கள், சுண்ணாம்பு பூசியோ தண்ணீர் ஊற்றியோ எழுத்தைத் தெளிவாக்க யாரையும் விடாதீர்கள். பாறை மேல் 42 பேரும் ஒன்றாக ஏற முடியாது, பத்துப் பத்தாக அனுப்புங்கள். கொடுமணலில் அகழாய்வுக் குழிகளை மூடிவிடுவார்கள், பெருங்கற்காலக் கல்வட்டங்கள்தான் பார்க்கக் கிடைக்கும். தரையில் கிடக்கும் ஓட்டையும் மணியையும் எடுக்கக் கூடாது என்பதைப் பேருந்திலேயே சொல்லிவிடுங்கள். எடுத்த இடம் போய்விட்டால் அந்த ஓட்டுக்கு வரலாறு கிடையாது.

அறச்சலூர்ப் பக்கமே ஓடாநிலையில் தீரன் சின்னமலை மணிமண்டபம் இருக்கிறது. 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டவர். வழியில்தான் என்பதால் அரை மணி நேரம் போதும்.

மஞ்சக்காடு

மழையை வைத்தே பாடத்தை முடித்திருப்பேன், வாய்க்கால் மட்டத்தைக் காட்டியதற்கு மிக்க நன்றிங்க. இரண்டு கேள்வி. கொடுமணலையும் ஒரே நாளில் சேர்க்க முடியுமா? வாய்க்காலில் பிள்ளைகள் ஏதாவது அளந்து பார்க்க வழி உண்டா?

நடுகல்

சேர்க்காதீர்கள். சென்னிமலை சுற்றிப் போய் வருவதில் கொறங்காட்டு நேரம் போய்விடும். கொடுமணலை வகுப்பில் வரைபடத்தில் காட்டுங்கள். நொய்யலைப் பற்றிப் பேசும்போது அதே ஆற்றில் 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதையும், 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மணிக்கல் ஏற்றுமதி செய்த ஆற்றங்கரைக்கு ஆடை ஏற்றுமதி என்ன செய்தது என்பதும் கொங்கு வரலாறுதான்.

கொப்புவாய்க்கால்

அளக்கலாமுங்க. ஆனா பெரிய வாய்க்கால்ல இறங்கவே கூடாது. கரை வழுக்கும், இழுப்பு அதிகம், வருசா வருசம் உயிர் போகுது. பெரிய வாய்க்கால்ல இருந்து பிரியற கிளையான கொப்பு வாய்க்கால்ல, முழங்கால் ஆழத்துக்குக் கீழ ஓடறதா, வளைவு இல்லாம நேரா ஓடற இடமாப் பாருங்க.

கரையில 20 மீட்டர் அளந்து ரெண்டு குச்சி நடுங்க. எலுமிச்சம்பழத்தை மேல குச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி போட்டு, ஒரு குச்சியிலிருந்து மறு குச்சிக்கு எத்தனை விநாடின்னு மூணு தடவை பாத்துச் சராசரி எடுங்க. இலை வேண்டாம், காத்து அதைத் தள்ளிக் கணக்கைக் கெடுத்துரும். பழம் தண்ணிக்குள்ள முங்கி மிதக்கறதால தண்ணியோட வேகத்துலதான் போகும். மேல்மட்டத் தண்ணி அடித்தண்ணியை விட வேகமா ஓடும், அதனால வர்ற வேகத்தை 0.85ஆல பெருக்கோணும். உதாரணத்துக்கு அகலம் 1 மீட்டர், ஆழம் 30 சென்டிமீட்டர், 20 மீட்டருக்கு 40 விநாடின்னா, வேகம் 0.5 மீட்டர். 1 × 0.3 × 0.5 × 0.85, விநாடிக்கு சுமார் 127 லிட்டர். கனஅடிக் கணக்குல நாலரை. ஆழத்தை மூணு இடத்துல அளந்து சராசரி எடுக்காம நடுவுல மட்டும் அளந்தா கணக்கு கூடிப் போகும், பிள்ளைங்க செய்யற தப்பு பெரும்பாலும் அதுதான்.

மாசத்துக்கு, தை. மஞ்சள் வெட்டு தொடங்கியிருக்கும், கொறங்காட்டுப் புல்லு கதிரோட நிக்கும், புஞ்சைக்குத் தண்ணி விட்டிருப்பாங்க. தை 5ல காலிங்கராயன் நாள், அணைக்கட்டுல மரியாதை பண்ணுவாங்க, அதை ஒட்டி வெச்சாலும் நல்லது. காலையில எட்டு மணிக்குள்ள கருங்கல்பாளையம், ஒன்பதரைக்கு நாகமலை, அப்புறம் கீழ்பவானிக் கரை, ஓடாநிலையில சாப்பாடு, வெயில் தணிஞ்சு மூணு மணிக்குக் கொறங்காடு. ஆனா புஞ்சைப் போகத்துல தண்ணி தொடர்ந்து வராதுங்க, சில நாள் விட்டுச் சில நாள் அடைப்பாங்க. தேதி குறிக்கறதுக்கு முன்னாடி நீங்க போற கொப்புல அன்னைக்குத் திறப்பா அடைப்பான்னு பாசன சபைக்காரங்க கிட்டக் கேட்டுட்டுப் பேருந்துக்குச் சொல்லுங்க.